ஓய்வெடுத்தது போதும், மெதுவாக சைக்கிள் மிதிக்கட்டும்

கால்பந்தில் தலையில் அடிபட்ட மகன் 10 நாளாக இருட்டறையில் படுத்திருக்கிறான், படியேறினாலே தலைவலி என்று எழுதியிருந்தீர்கள். ஓய்வு முதல் 24–48 மணி நேரத்துக்குத்தான். அப்புறம் மெல்லிய உடற்பயிற்சியே குணமாக உதவும்; விளையாட்டில் தலையில் அடிபட்டு மூளை அதிர்வது பற்றிய 2022 ஆம்ஸ்டர்டாம் மாநாட்டு நிபுணர்கள் சொன்னதும் இதுதான்.

மருத்துவரிடம் காட்டிவிட்டு, உடற்பயிற்சி சைக்கிளில் மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். தொடங்குமுன் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். 3 என்றால், மிதிக்கும்போது வலி 5 வரை ஏறலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிட வேண்டும். மீறினால் நிறுத்திவிட்டு மறுநாள் பார்க்கலாம். இதேபோல் அடிபட்ட என் மகள், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 130ஐத் தொட்டதும் நெற்றியைப் பிடித்துக்கொள்வாள். அதற்குச் சற்றுக் கீழேயே வைத்து மிதித்தாள்.

பந்தைத் தலையால் முட்டுவது மட்டும், அறிகுறிகள் முழுக்கப் போய் மருத்துவர் சரி சொல்லும்வரை கூடவே கூடாது. வாந்தி வந்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.