பேரணிக்குப் போகாவிட்டால் துரோகமா?

தம்பி, ராயபுரத்தில் இருக்கும் தன்பாலீர்ப்பாளர் நீங்கள். "பிறப்பிலேயே அமைந்ததில் பெருமைப்பட என்ன இருக்கிறது?" என்று கேட்டதற்கு நண்பர்கள் சண்டை போட்டதாகவும், தன்பாலீர்ப்பாளர்கள் ஜூனில் நடத்தும் 'பிரைடு' (பெருமை) பேரணிக்கு வராவிட்டால் துரோகி என்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பெருமை, காலம் காலமாக நம் தலையில் கட்டிய வெட்கத்துக்கான பதில். 1969 ஜூனில் நியூயார்க்கில் நம்மைப் போன்றவர்கள் கூடும் ஸ்டோன்வால் என்ற மதுக்கூடத்துக்குள் போலீஸ் புகுந்தபோது அங்கிருந்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். அதன் நினைவாகத்தான் அடுத்த ஆண்டு ஊர்வலம் போனார்கள். சென்னையில் 2009இல் முதல் பேரணி நடந்தபோது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு நம்மைக் குற்றவாளியாகவே வைத்திருந்தது. 2018இல் அந்தக் குற்றப் பட்டம் போனது, இனி கொண்டாட்டம் போதும் என்கிறார்கள் சிலர். எனக்கு உடன்பாடில்லை. 2023இல் உச்ச நீதிமன்றத்தில் திருமண உரிமை கிடைக்கவில்லையே! பேரணியில் இன்னும் முகமூடியோடு நடப்பவர்கள் இருக்கிறார்கள். தாடையில் வியர்வை வழிந்தாலும் கழற்ற மாட்டார்கள். அவர்களுக்கு அது போராட்டம்தான்.

அதற்காக உங்களை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. நம் பக்கத்தில் டிவியில் முகம் தெரிந்தால் மறுநாளே குழாயடியில் அம்மாவிடம் விசாரிப்பார்கள். அந்த அடியைத் தாங்கப்போவது நண்பர்கள் இல்லை, நீங்கள். வேலை, கையில் கொஞ்சம் பணம், அவசரத்துக்குத் தங்க ஓர் இடம், இவை முதலில் அமையட்டும்.

அப்புறம் ஒன்று. வீட்டில் தெரிந்து, 'மாற்றிவிடலாம்' என்று டாக்டரிடம் இழுத்தால் போகாதீர்கள். அப்படிப்பட்ட சிகிச்சைக்குத் தடை விதிக்கச் சொல்லி 2021இலேயே சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.