வளரும் நாடுகளில் ஜனரஞ்சக அரசியல் ஏன் தலைதூக்குகிறது? இலவசங்கள்தான் காரணமா?

இலவசம் எல்லாக் கட்சிகளும் தருவதுதான். "நாம்தான் உண்மையான மக்கள், மேலே இருப்பவர்கள் ஏமாற்றுகிறார்கள், உன் பங்கை வெளியாள் தின்கிறான்" என்ற பேச்சுதான் ஜனரஞ்சக அரசியலின் உயிர்.

நான் இருப்பது கோத்தகிரி. இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் நீலகிரியில் நிறைய உண்டு, அதனால் அந்த உதாரணத்தையே சொல்கிறேன். 1956 தேர்தலில் வென்று இலங்கைப் பிரதமரான பண்டாரநாயக்க, ஆங்கிலம் படித்த கொழும்பு மேல்தட்டுக்கு எதிராகப் பிக்குகள், கிராமத்து ஆசிரியர்கள், நாட்டு வைத்தியர்கள், விவசாயிகள் எல்லாரையும் திரட்டினார். அவரே ஆக்ஸ்ஃபோர்டில் படித்த பெரிய வீட்டுப் பிள்ளை என்பது வேறு கதை! மனக்குறை நிஜம்தான், பெரும்பாலோருக்குத் தெரியாத மொழியில் அரசாங்கம் நடந்தது. ஆனால் தீர்வென்று வந்தது, சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிய 'சிங்களம் மட்டும்' சட்டம். தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து போன குடும்பங்களான மலையகத் தமிழரின் குடியுரிமை அதற்கு முன்பே, 1948 சட்டத்தில், பறிபோயிருந்தது. ஓட்டு இல்லாதவருக்காக எந்தக் கட்சி பேசும்? இரு நாடுகளும் போட்ட 1964 ஒப்பந்தத்தில் அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை தரத்தான் இங்கே டான்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலை நிறுவனம்) தோட்டங்கள் போடப்பட்டன.

எப்போதும் கெடுதல்தான் என்றும் சொல்ல முடியாது. தாய்லாந்தில் 2001-இல் பிரதமரான தக்சின் கொண்டுவந்த, ஒரு தடவைக்கு 30 பாட் (அந்நாட்டுப் பணம்) மட்டும் கட்டி சிகிச்சை பெறும் மருத்துவத் திட்டம், 2006-இல் ராணுவம் அவரைக் கவிழ்த்த பிறகும் நிற்கிறது.

சரி, ஏன் இந்த நாடுகளில்? வளர்ச்சி வருகிறது, பங்கு சேர்வதில்லை. கோர்ட்டும் ஆபீசும் இழுத்தடிக்கும்போது, "நான் ஒரே நாளில் முடிக்கிறேன்" என்பவர் பக்கம் மனசு போகும். பச்சைத் தேயிலை விலையையே பாருங்கள். அதைக் குன்னூர் ஏலமும் உலகச் சந்தையும் சேர்ந்து ஆட்டுகின்றன. மேடையில் அதையா விளக்குவார்கள்? ஒரு வில்லனைக் காட்டினால் கைதட்டல் உடனே கிடைக்கும்.