ஹோவார்ட் பல்கலைக்கழகத்துக்குக் கறுப்பினத் தலைவர் ஒருவர் அமைய ஏன் 59 ஆண்டுகள் ஆயின?

தகுதியான கறுப்பினத்தவர் ஒருவர் அப்பல்கலைக்கழகத்தின் எட்டாவது ஆண்டிலேயே தலைவர் பொறுப்பைக் கவனித்துவந்தார். அறங்காவலர் குழு அவரை நிரந்தரமாக்க மறுத்தது. இந்தக் கேள்விக்கு நான் தரக்கூடிய நேரடியான பதில் அதுதான்.

அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட மக்களின் கல்வியை மனத்தில் கொண்டு, 1867இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் சட்டத்தின் மூலம் வாஷிங்டனில் ஹோவார்ட் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. (ஹார்வர்ட் வேறு, தமிழில் எழுதும்போது இரண்டும் குழம்பிவிடுகின்றன.) அதன் சட்டத் துறையைத் தொடங்கிக் கட்டியெழுப்பிய ஜான் மெர்சர் லாங்ஸ்டன், 1870களில் தற்காலிகத் தலைவராகவும் பணியாற்றினார். 1875இல் நிரந்தரத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் அவர் ஒதுக்கப்பட்டதால், பதவி விலகி வெளியேறினார். பின்னாளில் வர்ஜீனியாவிலிருந்து காங்கிரஸுக்குச் சென்ற முதல் கறுப்பினத்தவர் அவரே என்பதை எண்ணும்போது, அந்த மறுப்புக்குத் திறமைக் குறைவைக் காரணமாகக் காட்ட முடியாது. அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு வெள்ளையினத்தவரே, பெரும்பாலும் பாதிரியார்கள், ஒருவர்பின் ஒருவராகத் தலைவர்களாயினர். அவர்களில் அக்கறையோடு உழைத்தவர்களும் உண்டு. ஆனால், கறுப்பினத்தவர் படிக்கலாம், கற்பிக்கலாம், நிறுவனத்தை நடத்த மட்டும் கூடாது என்ற எண்ணம் அந்த வரிசை முழுவதிலும் தெரிகிறது.

அந்த வரிசை முடிவுக்கு வரக் காரணமானவர்கள் மாணவர்களும் ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும். 1925இல் கட்டாய இராணுவப் பயிற்சியை எதிர்த்து மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். அதே ஆண்டில், கறுப்பின ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கேட்டுக் குரல்கொடுத்த மெய்யியல் பேராசிரியர் அலேன் லாக் பணிநீக்கம் செய்யப்பட்டார். எதிர்ப்பு வலுத்ததால் தலைவர் டர்க்கி 1926இல் விலக, 36 வயதான மார்டகாய் ஜான்சன் முதல் கறுப்பினத் தலைவராகப் பொறுப்பேற்றார். அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்ற ஒருவரின் மகன் அவர். லாக் 1928இல் திரும்ப அழைக்கப்பட்டார்.

மார்ட்டின் லூதர் கிங் மாணவராக இருந்தபோது, இந்தியப் பயணம் முடித்துத் திரும்பியிருந்த ஜான்சன் காந்தியைப் பற்றி பிலடெல்பியாவில் ஆற்றிய சொற்பொழிவு தம்மை எவ்வளவு ஆழமாகத் தொட்டது என்று எழுதியிருக்கிறார். ஜான்சன் என்ற பெயரை நான் முதலில் அறிந்தது அந்த வரிகளின் வழியாகத்தான். பிறகு தேடிப் படித்தபோது, அவருடைய நிர்வாகப் பணியே என்னைப் பெரிதும் வியக்கவைத்தது. ஹோவார்டுக்கு அரசு தந்துவந்த நிதிக்கு நிலையான சட்ட அடிப்படை இல்லாததால், காங்கிரஸின் தென் மாநில உறுப்பினர்கள் ஆண்டுதோறும் அதைத் தடுக்க முயன்றனர். 1928இல் நிறைவேறிய சட்டம் அந்தக் குறையைத் தீர்த்தது. 1929இல் சட்டப் பள்ளியின் பொறுப்பு சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டனிடம் வந்தது. மாலை வகுப்புகளாக நடந்துவந்த அப்பள்ளியை அவர் முழுநேரப் பள்ளியாக மாற்ற, 1931இல் முழு அங்கீகாரம் கிடைத்தது. பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல் 1933இல் அங்கிருந்து பட்டம் பெற்று வெளியே வந்தார். ஜான்சன் தன்னிச்சையாக முடிவெடுக்கிறார் என்று பேராசிரியர்கள் பலர் கசப்போடு குறைகூறியதும் உண்மையே, அக்குறையில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். இருந்தும் அவர் 34 ஆண்டுகள் நீடித்தார்.

1960இல் அவருக்குப் பின் தலைவரானவர் ஜேம்ஸ் நேப்ரிட். 1938இலேயே குடிமை உரிமைச் சட்டத்தைத் தனிப் பாடமாக அங்கே கற்பித்தவர். வாஷிங்டன் நகரப் பள்ளிகளில் நிலவிய இனப் பிரிவினைக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் வாதாடி 1954இல் வென்றவர். தலைவராகும் முன் அவர் வகித்த பதவி, லாங்ஸ்டன் தொடங்கிய அதே சட்டப் பள்ளியின் முதல்வர் பதவி.