டீகப் என்று வாங்கிய பொமேரியன் குட்டி எத்தனை கிலோ வரும்?

கேள்வி: நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். கொழும்பிலிருந்து ஒரு பொமேரியன் பெட்டைக் குட்டி எடுப்பித்தோம். இப்போது 14 கிழமை, எடை 2.1 கிலோ. விற்றவர் இது ‘டீகப்’, எவ்வளவு வளர்ந்தாலும் 2 கிலோவைத் தாண்டாது என்றார். இப்போதே தாண்டிவிட்டது. அவரிடம் கேட்டால், சாப்பாட்டை இரண்டு நேரமாகக் குறையுங்கள், கூடப் போட்டால் பெருத்துவிடும் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா குட்டி மெலிந்துபோய் இருக்கிறது என்கிறார். இணையத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால் 8 கிலோ என்று வருகிறது. எதை நம்புவது? உண்மையில் எவ்வளவு வளரும்?

பதில்: இரண்டு நேரமாகக் குறைத்திருந்தால் இன்றைக்கே நாலு நேரமாக்கிவிடுங்கள். எடைக் கணக்கை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

இந்த அளவுக் குட்டியின் ஈரலில் சேமிப்பாக இருக்கிற சர்க்கரை மிகக் கொஞ்சம். லாப்ரடோர் குட்டி ஒரு நேரம் பட்டினி கிடந்தாலும் சமாளித்துக்கொள்ளும். உங்கள் குட்டி இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்துவிட்டுக் காலையிலும் சாப்பிடாவிட்டால், இரத்தத்தில் சீனி மளமளவென்று இறங்கிவிடும். கால் தள்ளாடும், உடம்பு துவளும், நடுக்கம் வரும், முற்றினால் வலிப்பும் வரும். அப்படி ஏதும் கண்டால் கொஞ்சம் தேனோ குளுக்கோஸ் கரைசலோ விரலில் தொட்டு முரசில் (பல் ஈறில்) தடவிவிட்டு உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். வலிப்பு நேரத்தில் வாய்க்குள் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். இரவு படுக்கப் போகுமுன் கடைசிச் சாப்பாடு, விடிந்ததும் முதல் சாப்பாடு. நாலு மாதம் தாண்டும்வரை இந்த ஒழுங்கை விடாதீர்கள். அப்புறம் மூன்று நேரமாக்கலாம். ஆறு மாதத்துக்குப் பிறகுதான் இரண்டு நேரம்.

சாப்பாட்டைக் குறைத்தால் நாய் சின்னதாகவே நிற்கும் என்பது விற்பவர்கள் பலர் சொல்கிற பழைய கதை. ஒரு நாய் எவ்வளவு பெரிதாக வரும் என்பது பெரும்பாலும் தாய் தகப்பனிடமிருந்து வருகிற விஷயம். ஐ.ஜி.எஃப்.1 என்ற வளர்ச்சிக் காரணியின் மரபணுவில் இருக்கிற ஒரு வேறுபாடு சின்ன இன நாய்களுக்கிடையில் பொதுவாகக் காணப்படுகிறது என்று 2007ஆம் ஆண்டே கண்டுபிடித்துவிட்டார்கள். பட்டினி போட்டு அதை மாற்ற முடியாது. எலும்பு மெலிவதும், நோய் எதிர்ப்புக் குறைவதும், முடி உதிர்வதும்தான் மிச்சம். வளர்ந்தால் 4 கிலோ வர வேண்டிய குட்டியைப் பட்டினி போட்டால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு நோஞ்சான் 4 கிலோ நாய்தான். 2 கிலோ நாய் கிடைக்காது.

சரி, இப்போது கணக்கு.

உங்களுக்கு 8 கிலோ என்று காட்டிய கணக்கு எப்படி வந்திருக்கும் என்று தெரிகிறது. குட்டியின் எடையை வயதுக் கிழமையால் வகுத்து 52ஆல் பெருக்குவார்கள். 2.1 கிலோவை 14ஆல் வகுத்து 52ஆல் பெருக்கினால் 7.8 வரும். வருடம் முழுக்கக் குட்டி ஒரே வேகத்தில் வளரும் என்று அந்தக் கணக்கு நினைக்கிறது. நடுத்தர நாய்க்கு அது ஓரளவு ஒத்துப் போகலாம். சின்ன இனங்கள் அப்படி வளர்வதில்லை. முதல் நாலு மாதத்தில் அடித்துப் பிடித்து வளர்ந்து, ஆறு மாதத்துக்குப் பிறகு வேகம் குறைந்து, 9, 10 மாதத்தில் ஏறத்தாழ நின்றுவிடும். கிரேட் டேன் மாதிரிப் பெரிய இனம் ஒன்றரை, இரண்டு வருடம்வரை வளரும். இரண்டையும் ஒரே வாய்ப்பாட்டில் போட்டால் சின்ன நாய்க்கு எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும்.

சின்ன இனத்துக்கு நான் பார்க்கிற கணக்கு இதைவிட எளிது. 14 முதல் 16 கிழமைக்குள் இந்தக் குட்டிகள் முழு வளர்ச்சியின் ஏறத்தாழப் பாதி எடைக்கு வந்துவிடும். ஆகவே அந்த வயது எடையை இரண்டால் பெருக்கினால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். உங்கள் குட்டி 14 கிழமையில் 2.1 கிலோ என்றால் 4.2, அந்த வயதில் பாதியைச் சற்று எட்டாமலும் இருக்கலாம் என்பதால் 4 முதல் 5 கிலோ என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிலோவும் இல்லை, எட்டுக் கிலோவும் இல்லை. ஆறு மாதத்தில் மூன்றே கால், மூன்றரை கிலோ அளவில் நிற்க வேண்டும். பத்து மாதத்துக்குப் பிறகு எலும்பு நீளாது. தசை மட்டும் கொஞ்சம் திரளும்.

இந்தக் கணக்கெல்லாம் வயது சரியாக இருந்தால்தான். எட்டுக் கிழமை என்று சொல்லி ஐந்து, ஆறு கிழமைக் குட்டியைக் கையில் தருகிறவர்கள் இருக்கிறார்கள். சின்னதாகத் தெரிந்தால் விலை கூடும் அல்லவா? பல்லைப் பாருங்கள். முன்பக்கத்துச் சின்னப் பால் பற்கள் மூன்று மாதத்துக்கும் நாலு மாதத்துக்கும் இடையில் விழத் தொடங்கும். சின்ன இனங்களில் கொஞ்சம் பிந்தலாம். உங்கள் குட்டிக்கு நடுவில் ஒன்றிரண்டு ஆடினாலோ விழுந்திருந்தாலோ சொன்ன வயது ஏறத்தாழச் சரி. ஒன்றுமே ஆடவில்லை, எல்லாம் ஊசி மாதிரிக் கூராக இருக்கின்றன என்றால் வயது குறைவாக இருக்கலாம். அப்படியானால் முழு எடை நான் சொன்னதைவிடக் கூடும். ஐந்தாறு மாதத்தில் வேட்டைப் பல் மாறும்போதும் ஒரு தடவை வாயைத் திறந்து பாருங்கள். இந்த இனங்களில் பழைய பல் விழாமல் புதிய பல்லுக்குப் பக்கத்திலேயே நிற்பது அடிக்கடி நடக்கும். ஏழு மாதத்திலும் இரண்டும் சேர்ந்து நின்றால் பழையதைப் பிடுங்குவிக்க வேண்டும்.

‘டீகப்’ என்று ஒரு இனத்தையோ அளவையோ எந்த நாய்ச் சங்கமும் அங்கீகரித்ததில்லை. ‘லயன் பொம்’ என்பதும் விளம்பரப் பெயர்தான். அமெரிக்கன் கென்னல் கிளப் வைத்திருக்கிற தரத்தின்படி பொமேரியன் 3 முதல் 7 பவுண்ட், அதாவது ஏறத்தாழ 1.4 முதல் 3.2 கிலோ. நம் ஊரில் பொமேரியன் என்று வளர்கிற வெள்ளை நாய்களில் பல அதைவிடப் பெரிய ஸ்பிட்ஸ் வகை அல்லது அதோடு கலந்தவை. 5 கிலோவும் வரும், 8 கிலோவும் வரும். பரம்பரைப் பத்திரம் இல்லாமல் வாங்கியிருந்தால் தாய் தகப்பனின் எடையைக் கேட்டு வாங்குங்கள். எந்த வாய்ப்பாட்டையும்விட அது நல்ல தகவல். பெட்டை என்றால் தாயின் எடைக்குப் பக்கத்தில் வர வாய்ப்புக் கூட. 4 கிலோ பொமேரியனில் ஒரு குறையும் இல்லை. உண்மையில் ஒன்றரைக் கிலோ நாயைவிட அதை வளர்ப்பது லேசு. மிகச் சின்னதாக நிற்கிற நாய்களில் தலையில் நீர் கோர்ப்பது, ஈரலைச் சுற்றிப் போகிற தவறான இரத்தக் குழாய், மண்டையோட்டில் மூடாத மென்மையான இடம் எல்லாம் கூடுதலாக வரும். விற்றவர் சொன்ன 2 கிலோ நடக்காமல் போனது உங்கள் நல்ல காலம் என்றே நான் சொல்வேன்.

அக்கா மெலிவு என்று சொன்னதைத் தள்ளிவிட வேண்டாம். பொமேரியனின் முடி எதையும் மறைக்கும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. விரல்களை நீட்டிக் கையைத் தட்டையாக வைத்து, மறு கையால் புறங்கையைத் தடவிப் பாருங்கள். விலா எலும்பும் அப்படித் தட்டுப்பட்டால் நல்லது. முஷ்டி பிடித்தபோது மொளி துருத்துகிற மாதிரி இருந்தால் மெலிவு. உள்ளங்கை மாதிரி மெத்தென்று எலும்பே தெரியாவிட்டால் கொழுப்பு. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் கையில் குத்தினால் அக்கா சொன்னது சரி.

கிழமைக்கு ஒரு தடவை, ஒரே நாளில், காலைச் சாப்பாட்டுக்கு முன் நிறுங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு மனிதர் நிறுக்கிற தராசில் ஏறுவது இவ்வளவு சின்னக் குட்டிக்குப் பிரயோசனம் இல்லை. வித்தியாசம் தராசின் பிழைக்குள்ளேயே போய்விடும். குசினித் தராசில் ஒரு பேசினை வைத்துக் குட்டியை உள்ளே விடுங்கள். இல்லாவிட்டால் தெரிந்த மளிகைக் கடைத் தராசு. இந்த வயதில் கிழமைக்கு 100 முதல் 150 கிராம்வரை ஏறலாம். ஒரு கிழமை ஏறுவது குறைந்து அடுத்த கிழமை கூடினால் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு கிழமை தொடர்ந்து ஏறாமல் நின்றாலோ, ஒரு கிழமையாவது இறங்கினாலோ மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். இங்கிலாந்தின் வோல்தம் ஆய்வு நிலையம் 2017இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். கடுவனுக்கும் பெட்டைக்கும் தனித்தனி, முழு எடை 6.5 கிலோவுக்குக் கீழே வருகிற நாய்களுக்கு ஒன்று தனியாக உண்டு. பிள்ளைகளின் கிளினிக் கொப்பியில் போடுகிற கோடு போலத்தான். எந்தக் கோட்டில் குட்டி இருக்கிறது என்பது பெரிய விஷயம் இல்லை. அந்தக் கோட்டோடு போகிறதா, அதை விட்டு விலகி வேறு கோடுகளைத் தாண்டுகிறதா என்பதைப் பாருங்கள்.

என்ன போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. குட்டிகளுக்கான உலர் தீவனம் என்றால் இந்த எடைக்கு நாளைக்கு 80 கிராம் அளவில் தொடங்கி நாலாகப் பிரியுங்கள். பையில் போட்டிருக்கிற அளவையும் விலாவையும் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். அதோடு கல்சியம் சிரப் வேண்டாம். வீட்டுச் சாப்பாடு என்றால் அங்கேதான் பிழை நடக்கும். சோறும் முள்ளெடுத்த மீனும் மட்டும் சாப்பிடுகிற குட்டிக்குக் கல்சியம் மிகவும் குறையும். முன்னங்கால் வளைந்து, கதிரையிலிருந்து குதித்தாலே முறிந்துபோன குட்டிகள் எவ்வளவோ. சூடையையோ பச்சை நெத்தலியையோ பிரஷர் குக்கரில் முள் மாவாகும்வரை அவித்து, சோற்றைவிட மீன் கூடுதலாக இருக்கும்படி மசித்துக் கொடுங்கள். அவித்த முட்டை, கொஞ்சம் கோழி ஈரல், பூசணிக்காய் சேர்க்கலாம். ஆனாலும் வளர்கிற வயதில் பாதிக்குப் பாதியாவது குட்டித் தீவனம் இருப்பது நல்லது. சொதியும் குழம்பும் ஊற்றாதீர்கள், வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கருவாட்டில் உப்பு. பால்மாவும் டின்பாலும் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டம்.

சூடான கச்சான் காற்றடிக்கிற மாதங்களில் பகலில் குட்டி தட்டைத் திரும்பியும் பார்க்காது. அதை நோய் என்று நினைக்க வேண்டாம். விடிகாலையும் பொழுதுபட்ட பிறகும் பெரிய பங்கையும், பகலில் சின்னப் பங்கையும் வையுங்கள். வெயில் ஏறுமுன் நடத்திவிடுங்கள். வெக்கைக்கு முடியை ஒட்ட வெட்டுவிக்க வேண்டாம். பொமேரியனுக்கு அப்படி வெட்டிய முடி சில வேளை திரும்ப ஒழுங்காக முளைப்பதில்லை.

நன்றாகச் சாப்பிட்டும் மெலிவு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பூச்சி. வட்டப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றும். கொக்கிப் புழு பாலிலும் வரும், சூடான ஈர மணலிலிருந்து தோல் வழியாகவும் ஏறும். தெருநாய்கள் திரிகிற உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை மணல் அதற்கு வாய்த்த இடம். முரசு வெளிறியிருந்தால், மலம் கறுத்திருந்தால், வயிறு மட்டும் ஊதியிருந்தால் காத்திருக்காதீர்கள். மூன்று மாதம்வரை இரண்டு கிழமைக்கு ஒரு தடவையும், பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒரு தடவையும் பூச்சி மருந்து கொடுப்பது வழக்கம். அளவு எடைக்குத்தான், வயதுக்கு இல்லை. உண்ணி மருந்தும் அப்படியே. மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கிலோக் குட்டி அதில் செத்துப்போகும். காய்ச்சலுக்குப் பனடோலும் கொடுக்கக் கூடாது. பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசித் தொடர் 16 கிழமைவரை போகும், அதன் கடைசி ஊசியும் விசர்நாய்த் தடுப்பூசியும் முடிந்தபின் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள்.

கழுத்துப் பட்டிக்குப் பதில் மார்புப் பட்டி போடுங்கள். பொமேரியனின் மூச்சுக்குழாய் நெரிந்துபோகிற சாதி, எடை கூடினால் அது இன்னும் மோசமாகும். பின்னர் கருத்தடை செய்வித்தால் பசி கூடும், தேவை குறையும். அன்றிலிருந்து தட்டில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு, மாதம் ஒரு தடவை நிறுத்தால் போதும்.