ஒருவரின் தண்டனையைக் குற்றமற்ற இன்னொருவர் ஏற்பது நீதியாகுமா?

குற்றம் செய்தவருக்கு, அதைச் செய்தார் என்ற காரணத்துக்காகவே விதிக்கப்படும் துன்பம்தான் தண்டனை. நண்பரின் வங்கிக் கடனை நாம் அடைத்தால் வங்கி மறுக்காது; அதற்கு வேண்டியது பணம், யார் கட்டினார் என்பது பொருட்டல்ல. தண்டனையோ "இதை நீ செய்தாய்" என்ற கண்டனத்தையும் சுமந்து வருவதால், செய்யாதவர் மீது விழும்போது அது பொய்யாகிவிடுகிறது. ஒருவர் தாம் செய்யாத குற்றத்துக்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்று 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம், போரில் எதிரியின் பிடியில் உள்ள பொதுமக்களைக் காக்க, தன் 33ஆம் பிரிவில் சொல்வதும் இதனால்தான்.

1941 ஜூலை இறுதியில், ஜெர்மன் நாஜிகள் நடத்திய அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் ஒரு கைதி தப்பியதாகச் சொல்லி, அதில் எந்தப் பங்கும் இல்லாத பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவர் மனைவி மக்களை நினைத்துக் கதறியபோது, வரிசையிலிருந்து முன்னே வந்த போலந்துப் பாதிரியார் மாக்சிமிலியன் கோல்பே அவருக்குப் பதிலாகத் தம்மை எடுத்துக்கொள்ளும்படி கேட்டார். இரண்டு வாரம் பட்டினி கிடந்தும் உயிர் பிரியாததால், ஆகஸ்ட் 14 அன்று பீனால் ஊசி போட்டு அவரைக் கொன்றார்கள். காப்பாற்றப்பட்டவர் 1995 வரை வாழ்ந்தார். இதைவிடப் பெரிய தியாகத்தை நான் அறியேன்.

மனமுவந்து ஏற்றால் தண்டனை நீதியாகிவிடும் என்று பலர் கருதுகிறார்கள். கோல்பேயின் சம்மதம் அவர் செயலை உயர்த்தியதே தவிர, கொன்றவர்களுக்கு அவரைத் தண்டிக்கும் உரிமையைத் தரவில்லை.