அல்சைமரும் மரபணு மேல் விழும் குறிகளும்: கேள்வி பதில்

வேலூர் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள். பதில் சொல்பவர் டிஎன்ஏ மெத்திலேற்றம், அதாவது டிஎன்ஏ மேல் மெத்தில் என்ற சிறு வேதிக் குறி ஒட்டுவது பற்றி ஆய்வு செய்பவர்.

குடியாத்தம்: அம்மாவுக்கு அல்சைமர். சித்திக்கு 78 வயசு, பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் அவங்கதான் பாக்குறாங்க. ஒரே வயித்துல பொறந்தவங்களுக்கு இப்படி எப்படி சார்?

அக்கா தங்கைக்கு மரபணு சராசரியாகப் பாதிதான் ஒன்று. அதைவிட ஒரே கருவில் பிரிந்த இரட்டையரைப் பாருங்கள். ஸ்பெயின் இரட்டையரை வைத்து 2005-ல் வந்த ஆய்வில், 3 வயது ஜோடிகளின் மெத்தில் குறிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி; 50 வயது ஜோடிகளில் நிறைய வித்தியாசம். டிஎன்ஏ எழுத்து மாறவில்லை. அதன்மேல் ஒட்டும் மெத்தில் குறிதான் மாறியது. எந்த மரபணு வேலை செய்யும், எது அடங்கிக் கிடக்கும் என்பதில் அதற்குப் பங்கு உண்டு.

2009-ல் ஒரு ஜோடியின் மூளையையே ஒப்பிட்டார்கள். ஒருவருக்கு 60 வயதில் அல்சைமர் தொடங்கியது. மற்றவர் 79 வயதுவரை தெளிவாக இருந்தார். நோயாளியின் பொட்டுப் பக்க மூளையில் மெத்திலேற்றம் வெகுவாகக் குறைந்திருந்தது. அவர் வேலையில் பூச்சிமருந்தோடு புழங்கியவர். அதனால்தான் வந்தது என்று ஒரே ஒரு ஜோடியை வைத்துச் சொல்ல முடியாது.

ஆற்காடு: எச்சில் அனுப்பினால் ‘உயிரியல் வயது’ சொல்கிறார்களாம். அல்சைமர் வருமா என்று தெரியுமா?

தெரியாது. 2013-ல் ஸ்டீவ் ஹோர்வாத் என்ற ஆய்வாளர் டிஎன்ஏவில் 353 இடங்களின் மெத்தில் அளவை வைத்து வயதைக் கணித்தார். நல்ல கருவிதான், ஆனால் கூட்டமாக ஆட்களை ஒப்பிடுவதற்கு. தனி ஆளுக்கு, அதே எச்சிலை இரண்டு முறை சோதித்தாலே சில வருஷம் முன்பின் வரலாம். எச்சிலில் இருப்பது வாய்த்தோல் செல்லும் வெள்ளணுவும். மூளைச் செல்லின் குறி வேறு. அந்தக் காசுக்கு சர்க்கரை, பிரஷர், காது மூன்றையும் பார்த்துவிடலாம்.

வாலாஜாபேட்டை: மாமனாருக்கு 72 வயசு, பல வருஷமா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். ஒரு வருஷமா மறதி. ஃபோலிக் ஆசிட் மாத்திரை மெத்திலேற்றத்தைச் சரி பண்ணும்னு ஒருத்தர் சொல்றார், கொடுக்கலாமா?

தனியாகக் கொடுக்காதீர்கள் அம்மா. டிஎன்ஏவுக்கு மெத்திலைக் கொடுப்பது சாம் என்ற பொருள். கொடுத்தபின் அது ஹோமோசிஸ்டீனாகிவிடும். அதைத் திரும்ப மெத்தியோனினாக்க ஃபோலேட், பி12 இரண்டும் வேண்டும். மெட்ஃபார்மின் பி12 உறிஞ்சுவதைக் குறைக்கும். அந்த நிலையில் ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியானதுபோலத் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

முதலில் ரத்தத்தில் பி12, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், சோடியம் பாருங்கள். பி12 200 pg/mL-க்குக் கீழே என்றால் குறைபாடு. 200–300 இழுபறி; ஹோமோசிஸ்டீனும் பாருங்கள், 15 µmol/L-க்கு மேல் என்றால் அதிகம். பி12 ஊசி போடுவதற்கு முன்னாலேயே ரத்தம் எடுத்துவிட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: ‘சத்து ஊசி’ போட்டபின் எடுத்தால் அளவு எகிறி நிற்கும், குறைபாடு இருந்ததா என்றே தெரியாது.

பி12 ஏறி மறதி குறைந்தால் அது அல்சைமர் குணமானதாக ஆகாது. அந்த மறதி குறைபாட்டால் வந்தது. லேசான மறதியும் ஹோமோசிஸ்டீன் அதிகமும் உள்ளவர்களுக்கு பி வைட்டமின்கள் மூளைச் சுருக்கத்தின் வேகத்தைக் குறைத்ததாக 2010-ல் ஆக்ஸ்ஃபோர்டு சோதனை காட்டியது. அல்சைமர் வந்துவிட்டவர்களுக்கு 2008 சோதனையில் பலன் இல்லை.

காட்பாடி, எம்.எஸ்சி. மாணவி: அல்சைமர் நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு மரபணுவின் மெத்திலேற்றம்தான் பிராஜெக்ட். எங்கே கோட்டை விடுவோம் சார்?

ரத்தம் எடுக்கும்போதே. ஊதா மூடி ஈடிடிஏ ட்யூப் வாங்கும்மா. பச்சை மூடியில் இருக்கும் ஹெபரின், டிஎன்ஏவை நகலெடுக்கும் பிசிஆரைக் கெடுக்கும்.

அடுத்து, மெத்தில் எங்கே என்று காட்டும் பைசல்ஃபைட் வேதிமுறை. மெத்தில் இல்லாத சைட்டோசின் என்ற டிஎன்ஏ எழுத்து யுராசிலாகும், இருப்பது அப்படியே நிற்கும். மாற்றம் அரைகுறையானால் மாறாத சைட்டோசினெல்லாம் ‘மெத்தில் உண்டு’ என்று பொய் சொல்லும். மாற்றம் முழுமையா என்று பார்க்க, மெத்தில் இல்லாத லாம்டா டிஎன்ஏவையும் கூடவே ஓட்டு. மாற்றம் 99 சதவீதத்துக்குக் கீழே என்றால் அந்த ஓட்டத்தைத் தூக்கிப் போடு. டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும் என்பதால் பிசிஆர் பகுதி 300 எழுத்துக்குள் இருக்கட்டும். பிசிஆரைத் தொடங்கிவைக்கும் ப்ரைமர் துண்டுக்குள் சிபிஜி, அதாவது மெத்தில் ஒட்டும் இடம், வரக் கூடாது.

நோயாளி எல்லாம் ஒரு தட்டு, கன்ட்ரோல் எல்லாம் இன்னொரு தட்டு என்று போட்டால் நீ அளப்பது தட்டு வித்தியாசத்தை. கலந்து போடு. நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் என்ற வெள்ளணு வகைகளின் விகிதம் மாறினாலும் மெத்தில் அளவு மாறும். அந்த விகிதத்தைச் சொல்லும் டிசி கவுன்ட்டைக் குறித்து வை. மூளைத் திசுவிலும் இதே வம்பு: அல்சைமரில் நரம்புச் செல்லான நியூரான் செத்து, அதற்குத் துணையான கிளியா செல் பெருகும், அந்தக் கலவை மாற்றமே நோயின் குறி மாதிரித் தெரியும். நியூரானில் இருக்கும் நியூஎன் என்ற புரதத்தை அடையாளமாக வைத்து நியூரானைப் பிரித்தெடுப்பது அதற்காகத்தான். அங்கே மெத்திலின் இன்னொரு வடிவமான ஹைட்ராக்ஸிமெத்திலும் நிறைய; சாதாரண பைசல்ஃபைட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

பேரணாம்பட்டு: ஃபிட்ஸ் மாத்திரை வால்ப்ரோயேட் மரபணுவைத் திறந்துவிடும்னு படிச்சேன். அத்தாவுக்கு அல்சைமர், கொடுக்கலாமா பாய்?

வேண்டாம் பாய். அது, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்திலிருந்து அசிட்டைல் குறியை நீக்கும் நொதியைத் தடுக்கும் என்பது சரி; எலிகளில் நம்பிக்கையும் தந்தது. மனிதர்களில் 313 அல்சைமர் நோயாளிகளுக்கு 24 மாதம் நடந்த சோதனை 2011-ல் வெளியானது. நோய் மெதுவாகவில்லை, ஸ்கேன் எடுத்தவர்களில் மூளை கூடுதலாகச் சுருங்கியிருந்தது. ஃபிட்ஸுக்காக ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. அது தனி ஆபத்து.

பள்ளிகொண்டா: அப்பா 40 வருஷமா பீடி. இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?

ஆகும். புகை விழுந்த குறி ரத்தத்தில் தெளிவாகத் தெரியும் இடம் ஏஹெச்ஆர்ஆர் என்ற மரபணு; அங்கே மெத்திலேற்றம் குறைந்துவிடும். விட்டபின் வருஷக்கணக்கில் மெல்ல ஏறும், சில இடங்கள் மட்டும் பழைய நிலைக்கு வராது. டிமென்ஷியாவைத் தள்ளிப்போட நம் கையில் இருப்பவை என்று 2024 லான்செட் குழு சொன்ன 14-ல் பீடி, சிகரெட்டும் உண்டு, காது மந்தமும் உண்டு. டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறாரா? காதையும் ஒரு தடவை காட்டுங்கள்.