நாலு கோடு இருந்தும் நெட் வரவில்லையே! பயணத்தில் ஹாட்ஸ்பாட்: கேள்வி பதில்

சட்டைப்பைக்குள் அடங்கும் ஹாட்ஸ்பாட் பெட்டியோடு (சிம் போட்டால் டவரிலிருந்து நெட்டை வாங்கி வைஃபையாகத் தரும் கருவி) சில வருடங்களாகச் சுற்றுகிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

போனிலேயே ஹாட்ஸ்பாட் இருக்கிறதே, தனியாக ஒரு பெட்டி எதற்கு?

ஒரே ஆள், இரண்டு நாள் பயணம் என்றால் வேண்டவே வேண்டாம், போன் போதும். நாள் முழுக்க லேப்டாப் வேலை, கூடவே மூன்று நான்கு பேர் என்றால்தான் தனிப் பெட்டிக்கு வேலை இருக்கிறது. ஹாட்ஸ்பாட் ஓடும் போன் சூடாகும், சார்ஜ் கண்ணெதிரே கரையும். போனை எடுத்துக்கொண்டு நீங்கள் கீழே இறங்கினால் அறையில் இருப்பவர்களுக்கு நெட் போய்விடும். இன்னொரு லாபமும் உண்டு. போனில் ஒரு நிறுவனத்தின் சிம், பெட்டியில் வேறொன்று என்று வைத்துக்கொண்டால், ஒன்று படுத்துவிட்டாலும் மற்றது கைகொடுக்கும்.

போனில் வைஃபை நாலு கோடும் முழுசாக இருக்கிறது. ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. பெட்டி கெட்டுவிட்டதா அண்ணா?

கெடவில்லை. அதிகம் வந்த கேள்வி இதுதான். இங்கே இருப்பது இரண்டு இணைப்புகள்: டவருக்கும் பெட்டிக்கும் இடையில் ஒன்று, பெட்டிக்கும் போனுக்கும் இடையில் ஒன்று. போனில் தெரியும் வைஃபை கோடுகள் இரண்டாவதை மட்டுமே காட்டும். பெட்டி மடியிலேயே இருந்தால் நாலு கோடு வரத்தானே செய்யும்! டவர் எட்டுகிறதா என்பதைப் பெட்டியின் திரையில் பார்க்க வேண்டும்.

ஒருமுறை ரயிலில் பெட்டியைப் பையோடு மேல் பலகையில் போட்டுவிட்டு, நெட் வரவில்லை என்று ஒரு மணி நேரம் போனை மாற்றி மாற்றி அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பையிலிருந்து எடுத்து ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்ததும், தேங்கிக் கிடந்த செய்திகள் எல்லாம் சரசரவென்று வந்து விழுந்தன. ரயில், பஸ், கார் எல்லாமே உலோகக் கூடு. சிக்னல் பெரும்பாலும் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வரும். வெப்பத்தைத் தடுக்கக் கண்ணாடிக்கு மெல்லிய உலோகப் பூச்சு கொடுத்திருந்தால் அதுவும் கொஞ்சம் விழுங்கிவிடும்.

துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று ஓர் எண் இருக்கும், டவர் சிக்னலின் பலத்தைச் சொல்வது அதுதான். மைனஸ் 80 அளவில் இருந்தால் அருமை, மைனஸ் 110க்கும் கீழே போனால் நொண்டும். விடுதி அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைக் கையில் பிடித்தபடி ஒரு சுற்று நடந்து, எண் நன்றாக இருக்கும் இடத்தில் வையுங்கள். போன் பெட்டியிலிருந்து நாலடி தள்ளியிருந்தால் குறைந்துவிடாது.

பெட்டியின் வைஃபை அலைவரிசையை எதில் வைப்பது, 2.4 கிகாஹெர்ட்ஸா, 5 கிகாஹெர்ட்ஸா?

ஒரே அறை என்றால் 5. வேகம் அதிகம், நெரிசல் குறைவு. நடுவில் சுவர் இருந்தால் 2.4. அப்புறம், யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் இரைச்சல் 2.4ஐக் கெடுக்கும், 2012லேயே இன்டெல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது.

வெளிநாட்டில் அங்குள்ள சிம்மைப் போட்டால் ஓடுமா?

மூன்று விஷயம் சரியாக இருந்தால் ஓடும். முதலில், பெட்டி ஒரே நிறுவனத்துக்கென்று பூட்டப்பட்டிருக்கக் கூடாது. அடுத்து, அந்த நாட்டின் 4ஜி பேண்டுகள், அதாவது எண் போட்டுக் குறிக்கும் அலைவரிசைகள், உங்கள் பெட்டியில் இருக்க வேண்டும். ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் 1, 3 பரவலாக உண்டு. வட அமெரிக்காவில் 2, 4, 12, 66 போன்றவை. கிளம்புவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள், போய் இறங்கியபின் செய்ய ஒன்றுமில்லை. மூன்றாவது ஏபிஎன், அதாவது சிம் நிறுவனத்தின் நெட்டுக்குள் எந்த வாசல் வழியாக நுழைவது என்று பெட்டிக்குச் சொல்லும் அமைப்பு. சிக்னல் இருந்தும் நெட் இல்லையென்றால் முதலில் அதைச் சரிபாருங்கள்.

எல்லையோர ஊர்களில் பெட்டி பக்கத்து நாட்டு டவரைப் பிடித்துக்கொண்டு ரோமிங் கட்டணத்தை ஏற்றிவிடலாம். டேட்டா ரோமிங்கை அணைத்தே வையுங்கள்.

10 ஜிபி போட்டேன், ஒரே ராத்திரியில் காலி. யாராவது திருடியிருப்பார்களா?

பெட்டியோடு வந்த பாஸ்வேர்டையே வைத்திருந்தால் அதற்கும் வாய்ப்பு உண்டு, மாற்றிவிடுங்கள். ஆனால் நான் பார்த்தவரை திருடன் நம் லேப்டாப்தான். வைஃபை என்றாலே அளவில்லாத நெட் என்று நினைத்து அப்டேட்டை இறக்கும், போட்டோக்களை எல்லாம் கிளவுடுக்கு ஏற்றும். விண்டோஸில் அந்த இணைப்பை 'மீட்டர்ட்' (அளவுள்ள நெட்) என்று குறித்துவிட்டால் பெரும்பகுதி அடங்கும். வீடியோவையும் கவனியுங்கள்: எச்டி தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தாலே 3 ஜிபி வரை போகும்.

விமானத்தில் கொண்டுபோகலாமா?

தாராளமாக. கைப்பையில் வையுங்கள், பறக்கும்போது அணைத்துவிடுங்கள். உதிரி பேட்டரி, பவர் பேங்க் இரண்டும் கட்டாயம் கைப்பையில்தான். பேட்டரியில் அடங்கும் மின்சக்தியை வாட் அவரில் அளப்பார்கள், 100 வாட் அவர்தான் பொதுவான வரம்பு. 3000 எம்ஏஎச் பேட்டரி சுமார் 11 வாட் அவர், கவலையே வேண்டாம்.

எப்போதும் சார்ஜரிலேயே செருகி வைத்திருக்கிறேன். சரிதானா?

ஓரிரு நாள் பரவாயில்லை. மாதக்கணக்கில் சூட்டிலேயே கிடந்தால் பேட்டரி உப்பும். என் பழைய பெட்டியின் பின்மூடி ஒருநாள் காலையில் தானாகவே பிளந்து நின்றது. சில மாடல்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் நேரடி மின்சாரத்தில் ஓடும். உங்களுடையது அப்படியென்றால் ஓரிடத்தில் தங்கும்போது கழற்றிவிடுங்கள். மூடி லேசாகத் தூக்கினாலும் அந்தப் பேட்டரியை அதற்குமேல் சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்தி மூடவும் பார்க்காதீர்கள்.